திருகோணமலையில் இருந்து முதல் தானியங்கி இயந்திரம்: சாமான் வாங்கும் முன் தொடங்கி ஓடவிடும் நாள் வரை

உப்புவெளியில் அம்மாவுக்கு ஒரு சிறிய மில் இருக்கிறது. வறுத்த அரிசி மாவை 500 கிராம் பக்கற்றில் நிரப்ப ஓர் இயந்திரம் செய்விக்கலாம் என்று தொடங்கினேன். மூன்று மாதம், நான்கு இலட்சம் ரூபாய் என்று கணக்குப் போட்டேன். முடிந்தபோது பதினொரு மாதமும் ஏழரை இலட்சமும் போயிருந்தன. இயந்திரம் இப்போது நன்றாக ஓடுகிறது. ஆனால் கூடுதலாகப் போன எட்டு மாதத்தையும் மூன்றரை இலட்சத்தையும் உட்கார்ந்து ஆராய்ந்தால், அநேகமாக எல்லாமே சாமான் வாங்கும் முன்பு ஒரு கடதாசியில் எழுதி வைக்காத நாலைந்து விஷயங்களால் போனவை. உங்களுக்கு அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மா, மிளகாய்த்தூள், உப்பு, கருவாடு என்று எதைப் பொதி செய்பவரானாலும், பாடசாலையிலோ தொழினுட்பக் கல்லூரியிலோ முதல் செயற்றிட்டம் செய்யும் மாணவரானாலும், படிகள் இவைதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இரும்பு வேலையை ஒரு லேத் பட்டறையிடமும், மின் கட்டுப்பாட்டுச் சாமான்கள் இருக்கும் பனல் பெட்டியை ஓர் எலக்ட்ரீஷியனிடமும், புரோகிராமை ஒரு மாணவரிடமும் கொடுத்தேன். மூவரும் தங்கள் வேலையைச் சரியாகவே செய்தார்கள். சேர்த்துப் பூட்டியபோது இயந்திரம் வேலை செய்யவில்லை. மெக்கட்ரோனிக்ஸ் என்று ஒரு தனிப் பொறியியல் எதற்கு என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. இரும்பும் மின்சாரமும் புரோகிராமும் ஒரே ஆளின் தலைக்குள், ஒரே மேசையில், ஒரே நேரத்தில் வடிவமைக்கப்பட வேண்டும். அந்த ஆள் கிடைக்காவிட்டால் அது நீங்களாக இருக்க வேண்டும்.

1. வேலையை இலக்கங்களில் எழுதுங்கள்

"மா நிரப்பும் மெசின் வேணும்" என்று யாரிடமும் போகாதீர்கள். போகும் முன் இவற்றுக்கு விடை எழுதுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை பக்கற்? எத்தனை மணித்தியாலம் ஓடும்? ஒரு பக்கற்றில் எத்தனை கிராம், கூடக் குறைய எத்தனை கிராம் வரை போகலாம்? பக்கற்றின் அகலம், உயரம் என்ன? யார் ஓட்டுவார்?

எங்கள் மில்லில் ஒரு நாளைக்கு 400 பக்கற். நிரப்பும் வேலைக்கு ஐந்து மணித்தியாலம் ஒதுக்கலாம். ஐந்து மணித்தியாலம் என்பது 300 நிமிடம். ஒரு பக்கற்றுக்கு 45 செக்கன் கிடைக்கிறது. இந்தக் கணக்கைப் போடாமல், நிமிடத்துக்கு இருபது பக்கற் போடும் இயந்திரத்தின் வீடியோவைப் பார்த்து அதைப்போல ஒன்று கேட்டுவிட்டேன். பெரிய மோட்டர், மாவைத் தள்ளும் வேகமான திருகு, பெரிய கொம்பிரசர் எல்லாம் அந்த ஒரு சொல்லால் வந்த செலவு. 45 செக்கன் என்ற இலக்கத்தை மறந்துவிடாதீர்கள், நான்காம் படியில் அதுதான் கைகொடுத்தது.

செலவு: ஒரு கொப்பி. காலம்: ஒரு கிழமை. அந்தக் கிழமையில் கையால் நிரப்பும்போது ஒவ்வொரு பக்கற்றுக்கும் எவ்வளவு நேரம் போகிறது என்று போனில் அளந்து எழுதுங்கள்.

2. எதை மனிதரிடமே விடுவது என்று தீர்மானியுங்கள்

முதல் இயந்திரத்தை அரைத் தானியங்கியாகச் செய்யுங்கள். இது என் உறுதியான கருத்து. பக்கற்றைத் திறந்து வாயில் பிடிப்பது மனிதக் கைக்கு மிகச் சுலபம், இயந்திரத்துக்கு மிகக் கடினம். அதற்கு உறிஞ்சு கிண்ணம், வெற்றிடப் பம்பி, சிலிண்டர், அவை எல்லாவற்றுக்கும் சென்சர் வேண்டும். அந்தப் பகுதிக்கு மட்டும் எனக்கு வந்த கொட்டேசன் மீதி இயந்திரத்தின் விலைக்கு ஏறக்குறையச் சமம். அளந்து கொட்டுவது அப்படி இல்லை. நாளைக்கு 400 தடவை ஒரே நிறையில் கொட்டுவது மனிதக் கைக்குச் சலிப்பு, இயந்திரத்துக்கு இயல்பு.

எனவே ஆள் பக்கற்றை வைத்துக் காலால் பெடலை மிதிக்க, இயந்திரம் நிரப்பி நிறுத்த, ஆள் எடுத்து ஒட்டினால் போதும். அம்மாவிடம் வேலை செய்யும் இரண்டு அக்காமாரும் இந்த முறையை ஒரே நாளில் பழகிக்கொண்டார்கள்.

3. உங்கள் பொருளை முதலில் சோதியுங்கள்

மா தண்ணீர் போல விழும் என்று நினைத்து, கூம்புக்குக் கீழே திறந்து மூடும் ஒரு கதவை வைத்துச் செய்வித்தேன். கதவு திறந்தது, மா விழவில்லை. கூம்புக்குள் மா வளைவு கட்டிப் பாலம் போல நின்றுவிட்டது. தட்டினால் ஒரேயடியாகச் சரிந்தது. மார்கழி மழையில் காற்றின் ஈரத்துக்கு இன்னும் மோசம். கதவும் சிலிண்டரும் ஒட்டுவேலையுமாக அந்தப் பகுதி முழுவதும் வீண்.

தூளுக்கு ஓகர் எனப்படும் திருகுத்தண்டும், கூம்புக்குள் மெதுவாகச் சுற்றி மாவைக் கலைக்கும் ஒரு கையும் வேண்டும். உப்புக் கல்லுக்கும் அரிசிக்கும் கதவு போதும். எண்ணெய்க்குப் பம்பி. உங்கள் பொருள் எந்த வகை என்று அறிய, ஒரு தகரக் கூம்பை நானூறு ஐந்நூறு ரூபாய்க்கு வளைப்பித்து, மழை நாளில் ஒருமுறையும் கச்சான் காற்று அடிக்கும் நாளில் ஒருமுறையும் கொட்டிப் பாருங்கள்.

ஒரு லேத் பாஸ்தான் எனக்கு இதைச் சொல்லித் தந்தார். "தங்கச்சி, மா ஒரு சுத்துக்கு எவ்வளவு விழுது எண்டு நிறுத்துக் கொண்டு வாங்கோ. அதுக்குப் பிறகுதான் நான் ஸ்குரூ கடைவன்" என்றார். அவரிடம் முதலிலேயே போயிருக்கலாம்.

4. மூன்றையும் ஒரே மேசையில் வைத்து வடிவமையுங்கள்

இந்தப் படிதான் எல்லாவற்றிலும் முக்கியம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் இயந்திரம் லோட் செல்லால் நிறை பார்க்கிறது. லோட் செல் என்பது பாரத்துக்கு மிக நுண்மையாக வளையும் ஓர் உலோகக் கட்டை. அதில் ஒட்டிய மெல்லிய தடைகள் அந்த வளைவைச் சில மில்லிவோல்ட் சமிக்ஞையாக மாற்றும். அதை எச்எக்ஸ்711 போன்ற ஒரு சிறிய சிப் இலக்கமாக்கும். வழக்கமான அமைப்பில் அது செக்கனுக்கு பத்துத் தடவை வாசிக்கும்.

முதல் நாள் ஓடவிட்டபோது இலக்கம் 15 கிராம் மேலும் கீழும் ஆடியது. பக்கத்தில் மா அரிக்கும் சல்லடையின் மோட்டர் அதிர்ந்துகொண்டிருந்தது; லேத் பட்டறை இரண்டையும் ஒரே சட்டத்தில் பூட்டியிருந்தது. சில பக்கற்றுகள் 485 கிராமிலேயே நின்றன. புரோகிராம் எழுதிய தம்பி பத்து வாசிப்புகளின் சராசரியை எடுக்கும்படி மாற்றினார். இலக்கம் ஆடாமல் நின்றது. ஆனால் இப்போது பக்கற்றுகள் 540 கிராம் வந்தன!

ஏன் என்று கண்டுபிடிக்க இரண்டு கிழமை எடுத்தது. செக்கனுக்குப் பத்து வாசிப்பு. பத்தின் சராசரி என்றால் அதில் ஒரு செக்கன் பழைய செய்தியும் கலந்திருக்கிறது. எங்கள் திருகு செக்கனுக்கு 60 கிராம் கொட்டியது. சராசரி ஏறக்குறைய அரைச் செக்கன் பின்னால் நிற்பதால், நிறுத்து என்று சொல்லும் நேரத்தில் உண்மை நிறை முப்பது கிராம் முன்னால் போயிருக்கும். அதோடு வாயில் இருந்து பக்கற்றுக்குள் விழுந்துகொண்டிருக்கும் மாவும் சேரும். பக்கற்றுக்கு 40 கிராம் கூட என்றால் 400 பக்கற்றுக்கு நாளொன்றுக்கு 16 கிலோ மா சும்மா போகிறது.

"அக்கா, கோட் சரி" என்றார் தம்பி. உண்மைதான். "சட்டம் நேராத்தானே நிக்குது" என்றது பட்டறை. அதுவும் உண்மை. பிழை இரண்டுக்கும் நடுவில் இருந்தது. திருத்தம் மூன்று இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது:

நிறைத் தட்டைச் சட்டத்தில் இருந்து பிரித்து, தனிக் காலில் நேராகக் கொங்கிறீற் தரையில் நிறுத்தினோம். சல்லடையின் கால்களுக்கு றப்பர் வைத்தோம். ஆட்டம் குறைந்தது, சராசரிக்கு மூன்று வாசிப்பே போதுமானது.

பிறகு அந்த 45 செக்கன் நினைவுக்கு வந்தது. எதற்கு 60 கிராம் வேகம்? திருகை செக்கனுக்கு 25 கிராமுக்கு இறக்கி, 480 கிராம் வந்ததும் 5 கிராமுக்கு இறக்கினோம். முதல் பகுதிக்கு ஏறக்குறைய 19 செக்கன், கடைசி இருபது கிராமுக்கு 4 செக்கன். மீதி இருபது செக்கனுக்கு மேல் பக்கற் மாற்றவும் ஒட்டவும் இருக்கிறது.

கடைசியாக, 500இல் நிறுத்தாமல் 497இல் நிறுத்தச் சொன்னோம். அந்தரத்தில் இருக்கும் மா விழுந்து மீதியை நிரப்புகிறது. இப்போது பக்கற்றுகள் 499க்கும் 503க்கும் இடையில் நிற்கின்றன.

இந்தத் திருத்தத்துக்குப் புதிதாக வாங்கிய சாமான் நாலு றப்பர் காலும் ஒரு குழாய்த் துண்டும் மட்டுமே. வடிவமைக்கும்போதே இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் அதுவும் இல்லை. பெரிய மோட்டர் எங்கள் மில்லில் இப்போதும் தேவைக்கு மேலாகவே இருக்கிறது.

ஆகவே, மூன்று வேலையையும் செய்பவர்களை ஒரு சனிக்கிழமை ஒரே மேசையில் உட்கார வையுங்கள். தேநீர் கொடுத்து, இரண்டு கடதாசி நிரம்பும் வரை எழும்ப விடாதீர்கள். ஒன்று, இயந்திரம் ஒரு சுற்றில் செய்யும் வேலைகளின் வரிசை: எது முடிந்தால் எது தொடங்கும், எத்தனை செக்கன், நடக்காவிட்டால் என்ன செய்யும். மற்றது, உள்ளீடு வெளியீட்டுப் பட்டியல்: எத்தனை சென்சர், எத்தனை சுவிச், எத்தனை மோட்டர், ஒவ்வொன்றும் எத்தனை வோல்ட், எந்த முனையில் பூட்டுவது. இந்த இரண்டாவது கடதாசி இல்லாமல் பிஎல்சி, அதாவது இயந்திரத்தின் மூளையாக இருந்து புரோகிராமை ஓட்டும் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவி, வாங்கப் போகாதீர்கள். வாங்கும்போது இரண்டு மூன்று முனைகள் கூடுதலாக இருக்கட்டும்.

அந்தப் பட்டியலில் மூன்று இடத்தில் பலர் விழுகிறார்கள். சென்சர்களில் பிஎன்பி, என்பிஎன் என்று இரண்டு வகை உண்டு. ஒன்று வேலை செய்யும்போது 24 வோல்ட்டைத் தரும், மற்றது சைபருக்கு இழுக்கும். மலிவான பிஎல்சி சிலவற்றுக்கு ஒரு வகை மட்டுமே பொருந்தும். இரண்டாவது, கூம்பில் மா இருக்கிறதா என்று பார்க்க இன்டக்டிவ் சென்சர் வாங்காதீர்கள், அது உலோகத்தை மட்டும்தான் காணும். மாவுக்கு கெப்பாசிட்டிவ் வகை வேண்டும். மூன்றாவது, லோட் செல்லின் வயரை மோட்டர் வயரோடு ஒரே குழாயில் இழுக்காதீர்கள். கவச வயர் போட்டு, கவசத்தை ஒரு முனையில் மட்டும் எர்த் பண்ணுங்கள்.

ஆர்டுயினோவா பிஎல்சியா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மேசையில் முயன்று பார்க்க ஆர்டுயினோ என்ற சிறிய கட்டுப்பாட்டுப் பலகை மிக நல்லது, மலிவு. மில் தரையில், மோட்டரும் தூசியும் உள்ள இடத்தில் நாளெல்லாம் ஓட பிஎல்சி. 24 வோல்ட்டில் வேலை செய்யும் உள்ளீட்டை மோட்டரின் மின் இரைச்சல் அவ்வளவு சுலபமாக ஏமாற்றாது. இன்னொரு ஆதாயமும் உண்டு: லாடர் வரைபடத்தில், அதாவது மின்சுற்றுப் படம் போல ஏணிப்படிகளாக, எழுதிய புரோகிராமை நாளை வேறொரு எலக்ட்ரீஷியனும் வாசிப்பார்.

5. கரண்டை முன்பே பாருங்கள்

வீட்டு இணைப்பு 230 வோல்ட், ஒரு பேஸ். பட்டறைகள் கொடுக்கும் மோட்டர் பெரும்பாலும் மூன்று பேஸ். மூன்று பேஸ் இணைப்புக்கு உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் விண்ணப்பித்தால், தூணும் வயரும் எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்து மதிப்பீடு வரும். அதற்கும் காலம் வேண்டும். இயந்திரம் வந்த பிறகு விண்ணப்பித்தால் இயந்திரம் மூலையில் நிற்கும்.

சிறிய மோட்டருக்கு வேறு வழி உண்டு. ஒரு பேஸ் வாங்கி மூன்று பேஸ் தரும் விஎஃப்டி. வேகத்தையும் அதுவே மாற்றும். ஆனால் அது தருவது மூன்று பேஸ் 230 வோல்ட்; 400 அல்ல. மோட்டர் தகட்டில் 230/400 என்று இருந்தால் உள்ளே முனைகளை டெல்டாவாக, அதாவது 230 வோல்ட்டுக்குரிய முறையில், பூட்ட வேண்டும். எங்களுடையது ஸ்டாராக, அதாவது 400 வோல்ட்டுக்குரிய முறையில், பூட்டி வந்திருந்தது. மோட்டர் சுற்றியது, ஆனால் மா நிறைந்ததும் திணறியது. முனைகளை இணைக்கும் மூன்று சிறு தகடுகளை இடம் மாற்றியதும் சரியாகிவிட்டது. அதற்குள் "மோட்டர் சிறிது, பெரிதாக வாங்குங்கள்" என்று இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள்.

விஎஃப்டி பூட்டினால் வீட்டு ட்ரிப் சுவிச் சிலவேளை அடிக்கடி விழும். அதற்காக ட்ரிப் சுவிச்சைக் கழற்றச் சொல்பவரின் பேச்சைக் கேட்காதீர்கள். விஎஃப்டிக்குப் பொருந்தும் வகை ட்ரிப் சுவிச்சும் தனி வழியும் போடத் தெரிந்த, தகுதியுள்ள எலக்ட்ரீஷியனைப் பிடியுங்கள்.

6. சாமான் வாங்குதல்

இரும்பு வேலை, ஒட்டுவேலை, லேத் எல்லாம் திருகோணமலையிலேயே முடியும். சென்சர், பிஎல்சி, விஎஃப்டி, நல்ல கியர் மோட்டர் ஆகியவற்றுக்கு நான் கொழும்பு போனேன். பேரிங், சங்கிலி, சில்லு போன்றவை பஞ்சிகாவத்தைப் பக்கமும், எலக்ட்ரொனிக்ஸ் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கமும் கிடைக்கும். இரவு ரயிலில் போனால் காலையில் கோட்டையில் இறங்கி நேரே நடக்கலாம். ஞாயிறும் போயா நாளும் பாராமல் போய் ஒருமுறை வெறுங்கையோடு திரும்பினேன்.

ஒவ்வொரு சாமானுக்கும் மொடல் இலக்கத்தோடு பில் வாங்குங்கள். "அதே மாதிரித்தான்" என்று வேறு மொடலைத் தந்தால், வாங்கும் முன்பு அதன் தரவுத் தாளை போனில் இறக்கி, உங்கள் உள்ளீட்டுப் பட்டியலோடு கடை வாசலிலேயே ஒப்பிடுங்கள்.

வெளிநாட்டில் இருந்து இணையத்தில் தருவித்தால் மலிவாகத் தெரியும். தபால் கட்டணமும் சுங்க வரியும் சேர்த்துப் பாருங்கள். எனக்கு வந்த லோட் செல் ஐந்து கிழமை எடுத்தது. சீனப் புத்தாண்டுக் காலத்தில், அதாவது ஜனவரி கடைசியிலும் பெப்ரவரியிலும், அங்கே கடைகள் பூட்டு. இங்கே சித்திரைப் புத்தாண்டுக்குப் பட்டறைகள் பூட்டு. தையில் ஓடர் கொடுத்தால் இரண்டிலும் மாட்டுவீர்கள், நான் மாட்டினேன். ஆனி ஆடியில் தொடங்கினால் மாரிக்கு முன்பு முடிக்கலாம்.

செலவு எப்படிப் பிரிந்தது என்று என் கொப்பியில் இருக்கிறது. நூறு ரூபாயில் சட்டமும் துருப்பிடிக்காத உருக்கும் லேத்தும் 34, மோட்டர், விஎஃப்டி 17, பனல் பெட்டி, பிஎல்சி, சென்சர், வயர் 22, புரோகிராம் 6, பயணம், லொறி 5, செய்ததைக் கழற்றித் திரும்பச் செய்தது 16. உங்கள் கணக்கில் அந்தக் கடைசி வரிக்கு இப்போதே ஓர் இடம் ஒதுக்குங்கள்.

7. உப்புக் காற்றுக்குத் தப்புதல்

நமது ஊரில் இது தனிப் படி. கொழும்பில் இருந்து கொண்டுவந்த ஒரு சாதாரண தகரப் பனல் பெட்டி ஆறு மாதத்தில் மூலைகளில் கறல் பிடித்தது. உள்ளே வயர் முனைகள் பச்சையாகிவிட்டன.

உணவு படும் பாகங்களுக்கு துருப்பிடிக்காத உருக்கு 304 பொதுவாகப் போதும். கடலுக்கு மிக அருகில் என்றாலோ உப்பு, கருவாடு என்றாலோ 316 கேளுங்கள். அதில் மொலிப்டினம் இருப்பதால் உப்பின் குழிப்பு அரிப்பைத் தாங்கும்; விலை கூட. காந்தம் ஒட்டவில்லை என்பதை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. பில்லில் தரத்தை எழுதி வாங்குங்கள்.

பெட்டி ஐபி65 ஆக இருக்கட்டும்: 6 என்பது தூசி புகாது, 5 என்பது பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும். வயர்கள் கீழ்ப்பக்கத்தால், வயரைச் சுற்றி இறுக்கி மூடும் கிளான்ட் வழியாக மட்டும் நுழையட்டும். மேலே ஒரு துளை போட்டாலும் ஐபி65 என்பது வெறும் எழுத்துத்தான். தகரக் கூரைக்குக் கீழே பெட்டியைச் சுவரின் மேற்பகுதியில் பூட்டாதீர்கள். பல விஎஃப்டிகளின் வெப்ப எல்லை 40 பாகை. வைகாசி மத்தியானத்தில் நமது கூரைக்குக் கீழே அது சர்வசாதாரணம். காற்றழுத்தம் பயன்படுத்தினால், கொம்பிரசருக்குப் பிறகு நீர் பிரிக்கும் வடிகட்டி போட்டு ஒவ்வொரு நாளும் வடியுங்கள்.

8. பாதுகாப்பு: பேரம் பேசக் கூடாத இடம்

திருகுத்தண்டு விரலைத் தயங்காமல் இழுக்கும். அதன் வாய்க்கும் கூம்பின் மேல்பக்கத்துக்கும் கம்பி வலை வேண்டும். வலையைத் தூக்கினால் மோட்டர் நிற்கும் சுவிச்சும் வேண்டும்.

அவசர நிறுத்தப் பொத்தான் மோட்டரின் மின்சாரத்தைத் தானே வெட்ட வேண்டும். புரோகிராமிடம் சொல்லி நிறுத்தும் பொத்தான் போதாது. புரோகிராம் தொங்கிவிட்டால் அது வெறும் சிவப்பு அலங்காரம். பொத்தானை விடுவித்ததும் இயந்திரம் தானாக ஓடக் கூடாது. கரண்ட் போய் வந்தாலும் தானாக ஓடக் கூடாது. கரண்டை வெட்டிவிட்டுத் திரும்பப் போட்டு இதை நீங்களே சோதியுங்கள். இடர் மதிப்பீட்டுக்கு ஐஎஸ்ஓ 12100, அவசர நிறுத்தத்துக்கு ஐஎஸ்ஓ 13850, இயந்திர மின்வேலைக்கு ஐஈசி 60204-1 என்று நியமங்கள் இருக்கின்றன. செய்பவருக்கு இந்தப் பெயர்கள் தெரியுமா என்று கேட்பதே ஒரு நல்ல பரீட்சை.

மாத்தூசி காற்றில் அடர்த்தியாகப் பறந்தால் தீப்பொறியில் வெடிக்கக்கூடியது. மூடிய மோட்டரையே வாங்குங்கள். மில்லுக்குள் ஒட்டுவேலை செய்வதானால் முதலில் மாவை அகற்றித் துடையுங்கள்.

9. ஆளைத் தேடுதலும் ஒப்பந்தமும்

சீனக்குடாப் பக்கம் பிரிமா மா ஆலையும் டோக்கியோ சீமெந்தும் இருக்கும் ஊர் நமது ஊர். பெரிய ஆலைகளில் பராமரிப்பு வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள் அயலில் இருப்பார்கள். என் விஎஃப்டிப் பிரச்சினையைத் தீர்த்தவர் அப்படி ஒருவர்தான். இளையவர்களில், உயர்தரத்தில் பொறியியற் தொழினுட்பம் படித்தவர்களையும் என்விகியூ எனும் தேசிய தொழிற் தகைமையில் நிலை 5, 6 டிப்ளோமா முடித்தவர்களையும் கேளுங்கள். இதையே தொழிலாக்க விரும்பும் மாணவருக்கு நிலை 7 என்பது பட்டம். இரத்மலானையில் உள்ள தொழிற் தொழினுட்பவியல் பல்கலைக்கழகத்தில் மெக்கட்ரோனிக்ஸ் படிக்கலாம்.

வாய்ப் பேச்சில் தொடங்காதீர்கள். ஒரு பக்க ஒப்பந்தம் போதும். பணத்தை நான்காகப் பிரியுங்கள்: தொடக்கத்தில் நாற்பது வீதம், சட்டம் நின்றதும் முப்பது, சோதனை முடிந்ததும் இருபது, மில்லில் ஒரு மாதம் ஓடிய பிறகு பத்து. நான் தொடக்கத்திலேயே எழுபது வீதம் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு என் அழைப்புகளுக்குப் பதில் வர நாள்கள் எடுத்தன.

கடைசிப் பணத்துக்கு முன்பு கையில் வாங்க வேண்டியவை இவை. ஒன்றும் விடாதீர்கள்:

அளவு குறித்த இயந்திர வரைபடம், பனல் பெட்டியின் வயர் வரைபடம், வயர் முனை ஒவ்வொன்றிலும் அதே இலக்கம், பிஎல்சி புரோகிராமின் மூலப் பிரதியும் கடவுச்சொல்லும், விஎஃப்டியில் இட்ட அமைப்புகளின் பட்டியல், எல்லாச் சாமான்களின் மொடல் இலக்கமும் பில்லும், உத்தரவாதக் கடிதம்.

கடவுச்சொல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் முதல் பிஎல்சியைப் பொருத்தியவர் புரோகிராமைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டிவைத்துவிட்டார், பிறகு தொடர்பில் இல்லை. 500 கிராமை 400 ஆக மாற்றக்கூட முடியவில்லை. முழுப் புரோகிராமையும் திரும்ப எழுதவேண்டி வந்தது.

10. பட்டறையிலேயே ஓட்டிப் பாருங்கள்

இயந்திரத்தை லொறியில் ஏற்றும் முன்பு, உங்கள் மாவையும் உங்கள் பக்கற்றையும் கொண்டுபோங்கள். பட்டறைக்காரரின் மணலில் ஓடுவது சோதனை அல்ல. 200 பக்கற் இடைவிடாமல் ஓடட்டும். ஒவ்வொரு பத்தாவது பக்கற்றையும் தனித் தராசில் நிறுத்து எழுதுங்கள். ஒப்பந்தத்தில் எழுதிய எல்லைக்குள் எத்தனை வந்தன என்று எண்ணுங்கள். நடுவில் கரண்டை வெட்டுங்கள், பக்கற் இல்லாமல் பெடலை மிதியுங்கள், கூம்பை வெறுமையாக விடுங்கள். இந்த மூன்றையும் நான் செய்யவில்லை. பக்கற் வைக்காமல் பெடலை மிதித்தால் மா தரையில் கொட்டும் என்று மில்லுக்கு வந்த முதல் காலையில் தெரிந்துகொண்டேன்.

ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். மறுபடி மில்லில் பூட்டி மட்டம் பார்த்து லோட் செல்லைச் சரிப்படுத்த இன்னும் இரண்டு நாள்.

11. கடதாசி வேலைகள்

இவை நீளம் குறைவு, ஆனால் இயந்திரத்தோடு சேர்த்துத் தொடங்க வேண்டும். வணிகப் பெயர்ப் பதிவுக்கு பிரதேச செயலகத்துக்குப் போகும் முன்பு கிராம உத்தியோகத்தரைப் பாருங்கள். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் உண்டு. உங்கள் மில்லின் கொள்ளளவு எந்தப் பட்டியலில் விழுகிறது என்று உள்ளூராட்சி அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். இயந்திரம் வந்தால் உற்பத்தி கூடும், பட்டியலும் மாறலாம். உணவு என்பதால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை இயந்திரம் பூட்டும் முன்பே ஒருமுறை கூப்பிட்டு இடத்தைக் காட்டுங்கள். சுவரும் வடிகாலும் மாற்றச் சொன்னால் அப்போது சுலபம்.

விற்பனைக்கு நிறுக்கும் தராசுகள் 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டத்தின் கீழ் வருகின்றன. இயந்திரத்தின் லோட் செல்லை மட்டும் நம்பியிராமல், முத்திரையிட்ட ஒரு மேசைத் தராசைப் பக்கத்தில் வையுங்கள். காலையில் முதல் ஐந்து பக்கற்றையும் மத்தியானத்தில் ஐந்தையும் அதில் நிறுத்துக் கொப்பியில் எழுதுங்கள்.

12. முதல் மாதம்

அந்தக் கொப்பியைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடுங்கள். திகதி, நிறை, நின்ற நேரம், ஏன் நின்றது, அன்றைக்கு மழையா வெயிலா. எங்கள் கொப்பியில் மூன்றாம் கிழமையில் ஒரு விஷயம் தெரிந்தது. மழை நாள்களில் பக்கற்றுகள் எல்லாம் இரண்டு கிராம் குறைந்து நின்றன. ஈர மா திருகில் ஒட்டிக்கொண்டு கடைசியில் மெதுவாக விழுகிறது. இப்போது மாரியில் நிறுத்தும் இலக்கத்தை 497இல் இருந்து 499 ஆக்குகிறோம். அம்மாவே பொத்தானை அழுத்தி மாற்றுகிறார். மா வறுத்து ஆறிய பிறகுதான் கூம்பில் கொட்ட வேண்டும் என்பதும் அந்தக் கொப்பியில் இருந்து வந்ததுதான். சூடாகக் கொட்டினால் கூம்பின் உள்பக்கம் வியர்த்து, காலையில் சுரண்டி எடுக்க அரை மணித்தியாலம் போகும்.